நுண்ணறிவுச் சோதனைகளும் இன ஒப்பீடும்: மொழி நோக்கில் ஒரு வரலாறு

மனிதக் குழுக்களிடையே அறிவாற்றலில் பிறவி வேறுபாடு உண்டா என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டில் உளவியலாளரையும் கல்வியாளரையும் நீதிமன்றங்களையும் ஒருங்கே அலைக்கழித்த வினாவாகும். இதன் வரலாறு பெரும்பாலும் மரபா, சூழலா என்னும் வழக்காகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வழக்கினுள் மொழி பெற்ற இடம் அதே அளவு கவனம் பெறவில்லை எனலாம். வினா எந்த மொழியில் கேட்கப்பட்டது, கேட்டவர் யார், விடை கூறியவர் அம்மொழியை எத்தனை ஆண்டுகளாக அறிந்திருந்தார் என்பன புறக்கணிக்கத்தக்க செய்திகளாகக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அப்புறக்கணிப்பின் விளைவுகள் மிகத் தெளிவாகப் புலப்படும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. ஆதலின் அந்நாட்டு வரலாறே ஈண்டு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பினேயின் அளவுகோல்

நுண்ணறிவுச் சோதனை அமெரிக்காவில் பிறந்ததன்று. சாதாரண வகுப்பறையில் பயன்பெற இயலாத குழந்தைகளைக் கண்டறிவதற்கு வழி காணுமாறு பிரெஞ்சு அரசு 1904இல் ஒரு குழுவை அமைத்தது. அதன் உறுப்பினராகிய ஆல்ஃபிரட் பினே, தியடோர் சிமோனுடன் இணைந்து 30 வினாக்கள் கொண்ட அளவுகோலை 1905இல் வெளியிட்டார். 1908ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு வினாவும் ஒரு வயதோடு பொருத்தப்பட்டது. 'மன வயது' என்னும் கருத்து இவ்வாறு தோன்றியது. பினேயின் நோக்கம் உதவி தேவைப்படும் குழந்தையை இனங்காண்பது மட்டுமே. தனி மனிதனின் அறிவு கூட்டவோ குறைக்கவோ இயலாத நிலையான அளவு என்று கூறியோரை அவர் 1909இல் வெளியிட்ட நூலில் வன்மையாக மறுத்தார். பயிற்சியால் கவனமும் நினைவும் தீர்மானிக்கும் திறனும் வளரும் என்பது அவர் கொள்கை. 1911இல் அவர் மறைந்தார்.

அடுத்த ஆண்டிலேயே ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் மன வயதைக் கால வயதால் வகுத்துக் காணும் முறையைக் கூறினார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன், 1916இல் தாம் வெளியிட்ட திருத்தப் பதிப்பில் அவ்வீவை 100ஆல் பெருக்கினார். இன்று அறியப்படும் நுண்ணறிவு ஈவு இதுவே. கருவி ஏறத்தாழ அதுவாகவே இருக்க, அதன் பயன் முற்றிலும் மாறியது. குழந்தைக்கு எவ்வுதவி தேவை என்று கேட்ட கருவி, மனிதனின் பிறவித் தகுதி எவ்வளவு என்று கூறும் கருவியாயிற்று.

இம்மாற்றத்தில் பெரும்பங்கு கொண்டவர் நியூ ஜெர்சி மாநிலம் வைன்லாந்துப் பயிற்சிப் பள்ளியின் ஹென்றி காடர்டு. பினேயின் அளவுகோலை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தியவர் அவரே. நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில், கப்பலின் கீழ்த்தட்டில் பயணம் செய்து வந்திறங்கிய குடியேறிகளை 1913இல் அவருடைய உதவியாளர்கள் சோதித்தனர். பார்த்த மாத்திரத்தில் அறிவுமிக்கோராகவும் வெளிப்படையாகக் குறையுடையோராகவும் தோன்றியோரை நீக்கி, எஞ்சியோரிலிருந்து யூதர், ஹங்கேரியர், இத்தாலியர், ரஷ்யர் என ஒரு சிலர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மொழிபெயர்ப்பாளர் வாயிலாக வினாக்கள் கேட்கப்பட்டன. மூன்று மணித்துளிகளில் 60 சொற்களைக் கூற வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பல நாள் கடற்பயணத்தின் களைப்போடு, திருப்பி அனுப்பப்படுவோமோ என்னும் அச்சத்தோடு, முன்பின் அறியாத அதிகாரி முன் நிற்கும் குடியானவனுக்கு அறுபது சொற்கள் நாவில் வாரா என்பதை ஊகிக்க உளவியல் புலமை தேவையில்லை. இத்தாலியருள் 79 விழுக்காட்டினரும் யூதருள் 83 விழுக்காட்டினரும் அறிவுக் குறையுடையோர் என்னும் முடிவு 1917இல் அச்சேறியது. அவ்வெண்கள் காடர்டையே ஐயுற வைத்தன என்பதும் குறிக்கத்தக்கது. இக்குறைபாட்டில் வறுமையின் பங்கு பெரிதாக இருக்கலாம் என்று அக்கட்டுரையிலேயே அவர் இடம் விட்டிருந்தார். ஆனால் நினைவில் நின்றவை விழுக்காடுகளே.

படைவீரர் சோதனை

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் அவ்வாண்டுத் தலைவர் ராபர்ட் யெர்க்ஸ், படைக்கு எடுக்கப்படும் ஆண்கள் அனைவரையும் சோதிக்கும் திட்டத்தை அரசிடம் முன்வைத்து இசைவு பெற்றார். ஆங்கிலம் படிக்க அறிந்தோர்க்கு 'ஆல்ஃபா', படிப்பறியாதோர்க்கும் ஆங்கிலம் அறியாதோர்க்கும் 'பீட்டா' என இரு தேர்வுகள் வகுக்கப்பட்டன. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் சோதிக்கப்பட்டனர். மனித அறிவை அளக்க அதற்கு முன் அத்துணைப் பெரிய முயற்சி எதுவும் மேற்கொள்ளப்பட்டதில்லை.

பிறவி அறிவை அளப்பதாகக் கூறப்பட்ட ஆல்ஃபாத் தேர்வில் இடம்பெற்ற வினாக்களை இன்று நோக்குவோர் வியப்புறுவர். ஒரு குறிப்பிட்ட வணிகப் பெயர் மருந்தைக் குறிக்கிறதா, பற்பசையைக் குறிக்கிறதா, உணவுப் பொருளைக் குறிக்கிறதா என்று ஒரு வினா கேட்கிறது. இன்ன பெயருடையவர் எழுத்தாளரா, ஓவியரா, பேஸ்பால் ஆட்டக்காரரா என்பது மற்றொன்று. இவற்றுக்கு விடையளிக்க வேண்டுவது அமெரிக்க நகர வாழ்வின் பழக்கமும் செய்தித்தாள் வாசிப்புமே.

பீட்டாவின் நிலை இதனினும் கவனத்திற்குரியது. ஏனெனில் மொழியின் குறுக்கீட்டை முற்றிலும் நீக்கிய தேர்வு என்று அது போற்றப்பட்டது. ஒருவர் மேடையில் நின்று சைகையால் செய்து காட்ட, மற்றவர் அதைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். பென்சிலை முதன்முறையாகக் கையில் பிடித்தோரும் அக்கூட்டத்தில் இருந்தனர். குறையுள்ள படங்களைக் காட்டி விடுபட்ட பகுதியை வரையச் சொல்வது அதன் ஒரு கூறு. வலையில்லாத டென்னிஸ் ஆடுகளம், இழையில்லாத மின்விளக்கு, கொம்புக் குழாய் இல்லாத இசைத்தட்டுக் கருவி முதலியன அப்படங்கள். புகைபோக்கி இல்லாத வீட்டின் படத்தைக் கண்ட சிசிலித் தீவினர் ஒருவர், தம் நாட்டு வீடுகளில் காணப்படுவது போல் கூரை மீது சிலுவையை வரைந்தார். அவ்விடை தவறென மதிப்பிடப்பட்டது. சொல்லை நீக்கினாலும் படத்திலும் ஒரு மொழி உண்டு, அதுவும் கற்றுப் பெற வேண்டியதே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நடைமுறைக் குறைகளும் பல. ஆல்ஃபாவில் தவறியோர் பீட்டாவிற்கும், அதிலும் தவறியோர் தனித் தேர்விற்கும் அழைக்கப்பட வேண்டும் என்பது விதி. கூட்டமும் நேரக் குறைவும் காரணமாகப் பல முகாம்களில் அவ்விதி காற்றில் விடப்பட்டது. இரு தேர்வுகளிலும் சுழி மதிப்பெண் பெற்றோர் தொகை பெரிது. வினாவைப் புரிந்துகொள்ளாதவனுக்கே சுழி வரும் என்று கருத இடமிருந்தும், அவை சராசரியில் சேர்த்துக் கணக்கிடப்பட்டன. 1921இல் வெளிவந்த பேரறிக்கை இவற்றையெல்லாம் மறைக்கவில்லை. தரவுகளை நேர்மையாகவே பதிவு செய்தது. பிழை விளக்கத்தில் இருந்தது. பள்ளிப் படிப்பின் ஆண்டுகளோடு மதிப்பெண் உயர்ந்தது. அறிவுடையவனே பள்ளியில் நீடிப்பான் என்று யெர்க்ஸ் விளக்கினார். கொக்கிப்புழு நோயுற்றோர் குறைந்த மதிப்பெண் பெற்றனர். தாழ்ந்த அறிவே அந்நோய்க்கு இடங்கொடுக்கும் வாழ்க்கைக்கு வழிவகுத்திருக்கலாம் என்று கருதப்பட்டது. எந்தத் தரவு வரினும் முடிவு மாறாத நிலை இது.

வெள்ளை இனப் படைவீரரின் சராசரி மன வயது 13 என்று அறிக்கை கூறியது. நாட்டின் சராசரி மனிதன் பதின்மூன்று வயதுச் சிறுவனின் அறிவுடையவன் என இதழ்கள் அலறின. வால்டர் லிப்மன் 1922இல் 'நியூ ரிபப்ளிக்' இதழில் ஆறு கட்டுரைகள் எழுதி இதனைத் தாக்கினார். வளர்ந்தோரின் சராசரி அறிவு, வளர்ந்தோரின் சராசரி அறிவைவிடக் குறைந்தது என்று கூறுவது பொருளற்றது என்பது அவர் வாதம். எளிய வாதமாயினும் விடையில்லாதது. டெர்மன் எழுதிய மறுமொழியில் ஏளனம் மிகுதி, விடை குறைவு.

பிரிகமின் நூலும் அவர் திரும்பப் பெற்றதும்

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கார்ல் பிரிகம் படைத் தரவுகளை ஆராய்ந்து 'அமெரிக்க நுண்ணறிவு பற்றிய ஓர் ஆய்வு' என்னும் நூலை 1923இல் வெளியிட்டார். ஐரோப்பியரை நார்டிக், ஆல்பைன், மத்தியதரைக் கடலினர் என மூன்றாகப் பகுத்து, நார்டிக் இனத்தார் அறிவால் உயர்ந்தோர் என்பது அதன் முடிவு. மொழி பற்றிய வினா முழு வலிமையோடு எழுவது இந்நூலின் ஓர் அட்டவணையில்தான்.

வெளிநாட்டில் பிறந்த படைவீரரை, அவர்கள் அமெரிக்காவில் வாழ்ந்த ஆண்டுகளின்படி ஐந்து பிரிவாக்கினார் பிரிகம். ஐந்தாண்டுக்கு உட்பட்டோர் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். ஆண்டுகள் கூடக் கூட மதிப்பெண்ணும் படிப்படியாகக் கூடியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தோர் அமெரிக்காவிலேயே பிறந்தோருக்கு இணையாயினர். இரு எல்லைகளுக்கும் இடைவெளி மன வயதில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. அவர்கள் ஆங்கிலமும் அந்நாட்டு வழக்கங்களும் கற்றுக்கொண்டனர் என்பதே இதைக் காண்போர் மனத்தில் முதலில் தோன்றும் விளக்கம். பிரிகம் அதனை எண்ணிப் பார்த்துத் தள்ளினார். ஒவ்வோர் ஐந்தாண்டிலும் வந்தோரின் தரம் தாழ்ந்து வந்துள்ளது, முன்னர் வந்தோர் நார்டிக் இனத்தார், பின்னர் வந்தோர் தெற்கும் கிழக்குமான ஐரோப்பியர் என்று அவர் விளக்கினார். ஆங்கிலம் பேசாத நார்டிக் இனத்தாரைவிட ஆங்கிலம் பேசும் நார்டிக் இனத்தார் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தமையும் அவரைத் தடுத்து நிறுத்தவில்லை.

1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு நாட்டினரும் இருந்த தொகையில் 2 விழுக்காட்டினரையே ஆண்டுதோறும் அனுமதித்தது. தென்னைரோப்பியரும் கிழக்கைரோப்பியரும் பெருந்தொகையில் வருவதற்கு முற்பட்ட கணக்கெடுப்பு அது. இச்சட்டத்திற்குச் சோதனைகளே காரணம் என்று பின்னாளில் பலர் எழுதினர். ஸ்னைடர்மனும் ஹெர்ன்ஸ்டைனும் 1983இல் சட்டமன்ற ஆவணங்களை ஆராய்ந்து, உறுப்பினர் அச்சோதனைகளைச் சிறிதளவே பொருட்படுத்தினர் எனக் காட்டினர். சட்டத்தைப் பிறப்பித்தது அதற்கு முன்பே வேரூன்றியிருந்த வெறுப்பு எனக் கொள்வதே பொருத்தம். அவ்வெறுப்புக்கு உளவியல் எண்ணின் மதிப்பைத் தந்தது.

1930இல் பிரிகம் தம் முடிவைத் தாமே திரும்பப் பெற்றார். தேசிய, இனக் குழுக்களை அக்காலச் சோதனைகளைக் கொண்டு ஒப்பிட இயலாது என்றும், அவ்வகை ஆய்வுகளுள் மிகப் பகட்டானதாகிய தம் ஆய்வு அடித்தளமற்றது என்றும் உளவியல் ஆய்விதழில் எழுதினார். பெற்றோர் வேறு மொழி பேசும் வீட்டில் வளர்ந்தோரை ஆங்கிலச் சோதனையால் அளப்பது தகாது என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. அறிவுலக வரலாற்றில் இத்தகைய நேர்மை அரிது. ஆனால் சட்டம் அவரைப் போல் திரும்பவில்லை; நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறை 1965 வரை நீடித்தது.

வடக்கும் தெற்கும்

அதே படைத் தரவுகளை வேறு கண்ணோடு நோக்கியோரும் இருந்தனர். கறுப்பினக் கல்வியாளர் ஹொரேஸ் மன் பாண்ட் 1924இல் 'கிரைசிஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், மதிப்பெண்கள் மாநிலங்களின் பள்ளி வசதியைப் பின்தொடர்வதைச் சுட்டினார். ரூத் பெனடிக்ட், ஜீன் வெல்ட்ஃபிஷ் ஆகிய மானிடவியலாளர் இருவர் 1943இல் வெளியிட்ட 'மனித இனங்கள்' என்னும் சிறு வெளியீடு இதனைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. மிசிசிப்பி வெள்ளையரின் இடைநிலை மதிப்பெண் 41.25, கென்டக்கி வெள்ளையருடையது 41.50. நியூயார்க் கறுப்பினத்தார் பெற்றது 45.02, ஒகையோவினர் பெற்றது 49.50. இவ்வெளியீட்டைப் படைவீரரிடையே வழங்கும் திட்டத்தைச் சட்டமன்றத்தின் படைத்துறைக் குழு எதிர்த்துத் தடுத்தது. அக்குழுவின் தலைவர் கென்டக்கி மாநிலத்தவர்.

வடக்கே குடிபெயர்ந்த கறுப்பினத்தார் இயல்பிலேயே அறிவு மிக்கோர், ஆகவே உயர்ந்த மதிப்பெண் பெற்றனர் என்று எதிர்த் தரப்பினர் கூறினர். ஆட்டோ கிளைன்பர்க் இதனை நேரில் சோதித்தார். தென்மாநில நகரங்களின் பழைய பள்ளிப் பதிவேடுகளைப் புரட்டி, குடிபெயர்ந்தோரின் பிள்ளைகள் அங்கிருந்தபோது பிறரினும் சிறந்திருந்தனரா எனக் கண்டார், சிறந்திருக்கவில்லை. நியூயார்க்கின் ஹார்லம் பள்ளிகளிலோ, வந்து ஆண்டுகள் ஆக ஆகக் குழந்தைகளின் மதிப்பெண் உயர்ந்தது. 1935இல் இம்முடிவுகள் நூலாயின. ஃபிலடெல்ஃபியாவில் எவரெட் லீ 1951இல் வெளியிட்ட ஆய்வும் இதனை உறுதி செய்தது. பிரிகம் கண்ட அதே ஏணிப்படி இங்கும் உள்ளது. விளக்கம் மட்டும் தலைகீழாயிற்று.

1969ஆம் ஆண்டுப் புயல்

இருபது ஆண்டு அடங்கியிருந்த சர்ச்சை, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஜென்சன் 1969இல் 'ஹார்வர்டு கல்வி ஆய்விதழில்' எழுதிய நீண்ட கட்டுரையால் மீண்டும் மூண்டது. ஏழைக் குழந்தைகளுக்கான ஈடுசெய் கல்வித் திட்டங்கள் தோற்றன; நுண்ணறிவு பெரும்பாலும் மரபால் அமைவது; வெள்ளையருக்கும் கறுப்பினத்தாருக்கும் இடையே காணப்படும் ஏறத்தாழ 15 புள்ளி வேறுபாட்டிலும் மரபின் பங்கு இருக்கலாம் என்பன அவர் கூற்றுகள். அவருக்கு எதிராக மாணவர் கிளர்ந்தனர். ஆய்வுரிமையைத் தடுப்பது தகாது என்று சிலரும், தீங்கு விளைக்கும் ஆய்வுக்கு உரிமை ஏது என்று சிலரும் வாதிட்டனர். கூச்சலுக்கிடையே எழுந்த அறிவார்ந்த மறுப்புகளுள் இரண்டு நிலைபேறுடையன.

மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் 1970இல் ஒரு தருக்கப் பிழையைச் சுட்டினார். ஒரே மூட்டையிலிருந்து இரு கைப்பிடி மக்காச்சோள விதை எடுத்து, ஒன்றைச் சத்து நிறைந்த ஊடகத்திலும் மற்றொன்றைச் சத்துக் குறைந்த ஊடகத்திலும் விதைத்தால், ஒவ்வொரு பாத்திக்குள்ளும் செடிகளின் உயர வேறுபாடு முற்றிலும் விதையால் வருவது. இரு பாத்திகளுக்கும் இடையே உள்ள வேறுபாடோ முற்றிலும் ஊட்டத்தால் வருவது. ஆகவே ஒரு குழுவினுள் மரபின் பங்கு எவ்வளவு பெரிதாயினும், குழுக்களிடை வேறுபாட்டைப் பற்றி அது எதனையும் நிறுவாது.

மற்றொரு மறுப்பு மொழியியலிலிருந்து வந்தது. கறுப்பினக் குழந்தைகள் மொழியே இல்லாமல் பள்ளிக்கு வருகின்றனர் என்று அக்காலக் கல்வி உளவியலாளர் சிலர் எழுதி வந்தனர். ஹார்லம் பகுதியில் களப்பணி செய்த வில்லியம் லபோவ், அத்தகைய முடிவுகள் எவ்வாறு உருவாகின்றன என்பதைக் காட்டினார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் நேர்காணலில் ஓரிரு சொற்களுக்கு மேல் பேசவில்லை. கேட்டவர் வெள்ளையர் அல்லர். அப்பகுதியை நன்கறிந்த கறுப்பினத்தாரே. பின்னொரு நாள் அவரே உருளைக்கிழங்கு வறுவலோடும் சிறுவனின் நெருங்கிய நண்பனோடும் வந்து, தரையில் அமர்ந்து, அவர்கள் தமக்குள் வழங்கும் சொற்களாலேயே பேச்சைத் தொடங்கினார். முன்பு வாய் திறவாத சிறுவன் பேசுவதற்குப் போட்டியிட்டான். மாறியது அவையின் அமைப்பு ஒன்றே. அச்சிறுவர் பேசும் ஆங்கிலம் சிதைந்ததன்று, தனக்கென விதிகளுடைய கிளைமொழி என்பதையும் லபோவின் ஆய்வுகள் நிறுவின. கலைப்பேச்சையும் வீட்டுப் பேச்சையும் வேறு வேறாகக் கொண்ட நாடுகளில் இம்முடிவு தனிக் கவனம் பெறற்பாலது.

நீதிமன்றங்களும் இவ்வழக்கில் இழுக்கப்பட்டன. ஸ்பானிய மொழி பேசும் மெக்சிகோ வழிக் குழந்தைகள் ஒன்பதின்மர் கலிஃபோர்னியாவில் ஆங்கிலச் சோதனையின் அடிப்படையில் மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தனர். இரு மொழியும் அறிந்தவர் மீண்டும் சோதித்தபோது அவர்களின் ஈவு சராசரியாக 15 புள்ளி உயர்ந்தது. வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்னும் உடன்பாடு 1970இல் ஏற்பட்டது. கறுப்பினக் குழந்தைகள் தொடர்பான வழக்கில் அம்மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றம் 1979இல் அச்சோதனைகளுக்குத் தடை விதித்தது. மறு ஆண்டே இல்லினாய் மாநிலத்தில், நீதிபதி வினாக்களை ஒவ்வொன்றாகப் படித்து, அவற்றுள் மிகச் சிலவே சார்புடையன என்று எதிர்மாறாகத் தீர்ப்பளித்தார். படிக்கும்போது குறை தெரியாத வினாவும் கேட்கப்படும் சூழலில் குறையுடையதாகலாம் என்பது அத்தீர்ப்பில் உரிய இடம் பெறவில்லை.

ஜென்சன் சான்றாகக் கொண்டவற்றுள் ஆங்கிலேய உளவியலாளர் சிரில் பர்ட்டின் இரட்டையர் ஆய்வும் ஒன்று. பிரிந்து வளர்ந்த ஒரு கரு இரட்டையரின் தொகை 21இலிருந்து 53 இணைகளாக உயர்ந்தபோதும் ஒட்டுறவுக் கெழு 0.771 என மாறாதிருந்ததை லியோன் காமின் வெளிப்படுத்தினார். 1976இல் அது மோசடியெனச் செய்தித்தாளில் குற்றஞ்சாட்டப்பட்டது. 1979இல் பர்ட்டின் வரலாற்றை எழுதிய ஹெர்ன்ஷா அதனை ஏற்றார். பர்ட்டைக் காத்து எழுதப்பட்ட நூல்களும் பின்னர் வெளிவந்தன. பர்ட்டின் எண்கள் வீழ்ந்தமையால் மரபுக் கொள்கை முற்றும் வீழ்ந்துவிடவில்லை. மினசோட்டாவில் பௌச்சர்டு குழுவினர் 1990இல் வெளியிட்ட இரட்டையர் ஆய்வு, தனி மனிதரிடை வேறுபாட்டில் மரபுக்குப் பெரும்பங்கு உண்டு என்றே காட்டியது. குழுக்களைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை.

குழுக்கள் பற்றிய வாதத்தை உலுக்கியவர் நியூசிலாந்தின் ஜேம்ஸ் ஃபிளின். 1932 முதல் 1978 வரை அமெரிக்கரின் ஈவு ஏறத்தாழ 14 புள்ளி உயர்ந்ததை 1984இலும், 14 நாடுகளில் இத்தகைய உயர்வை 1987இலும் அவர் எடுத்துக் காட்டினார். ஒரே மக்களின் இரு தலைமுறைகளிடையே மரபணு மாறியிருக்க இயலாது. ஆகவே 15 புள்ளி அளவிலான வேறுபாடு சூழலால் மட்டுமே எழக்கூடும் என்பது கண்கூடாயிற்று. ஹெர்ன்ஸ்டைனும் சார்லஸ் மரேயும் எழுதிய 'மணி வளைகோடு' என்னும் பெருநூல் 1994இல் சர்ச்சையை மீண்டும் எழுப்பியபோது, அமெரிக்க உளவியல் சங்கம் உல்ரிக் நைசர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. வெள்ளையர், கறுப்பினத்தார் இடையிலான வேறுபாட்டுக்குப் போதிய விளக்கம் எதுவும் கிட்டவில்லை, மரபு விளக்கத்திற்கு நேரடிச் சான்று அரிது என்று அக்குழு 1996இல் அறிக்கை தந்தது.

இந்திய மொழிகளில்

இக்கருவி இந்தியாவுக்கு வரக் காலம் தாழ்க்கவில்லை. லாகூர் ஃபார்மன் கிறித்துவக் கல்லூரியின் ஹெர்பர்ட் ரைஸ், பினே அளவுகோலை இந்துஸ்தானியில் அமைத்து 1929இல் நூலாக்கினார். பஞ்சாபின் சில சாதிக் குழுக்களை ஒப்பிடும் பகுதியும் அதில் இணைந்திருந்தது. அமெரிக்காவில் இனம் நின்ற இடத்தில் இங்குச் சாதி வந்து நின்றது. தார்வாரில் வி. வி. காமத் கன்னடத்திற்கும் மராத்திக்கும் ஏற்ப அதைத் திருத்தி, 1940இல் இந்தியக் குழந்தைகளின் நுண்ணறிவு பற்றிய நூலை வெளியிட்டார்.

இத்தகைய பெயர்ப்பில் எழும் இடர்கள் மொழியியலார் அறியத்தக்கன. டெர்மனின் அளவுகோலில் ஒன்பது வயதுக்குரிய வினா ஒன்று, கொடுத்த சொல்லோடு இறுதி ஒலி ஒத்த சொற்களைக் கேட்கிறது. எதுகையையும் மோனையையும் சொல்லின் முற்பகுதியில் கேட்டுப் பழகிய தமிழ்க் குழந்தைக்கு இவ்வினாவை அப்படியே பெயர்த்துக் கேட்பின், அது ஒன்பது வயது வினாவாக நிற்குமென எதிர்பார்க்க இயலாது. மூன்று மணித்துளியில் அறுபது சொல் கூறும் வினாவோ, வேற்றுமையும் இடைச்சொல்லும் ஒட்டி நிற்கும் மொழியில் எது ஒரு சொல் என்னும் இலக்கணச் சிக்கலாக மாறும். சொற்பொருள் வினாக்களை எழுத்து வழக்கில் கேட்டால் அளக்கப்படுவது பள்ளிப் பழக்கம். பேச்சு வழக்கில் கேட்டால் எவ்வூர், எச்சமூகப் பேச்சு என்னும் வினா எழும். இவற்றைத் தீர்க்க ஒவ்வொரு மொழியிலும் புதிதாக வினா அமைத்து, அம்மொழிக் குழந்தைகளிடமே தரப்படுத்த வேண்டும். அவ்வாறு அமைத்த இரு மொழிச் சோதனைகளின் எண்களைப் பின்னர் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

சொல்லே வேண்டாத வினாவிலும் சொல் குறுக்கிடுவதை உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உயர்சாதிச் சிறுவர் 321 பேரையும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர் 321 பேரையும் தாளில் வரைந்த சுற்றுவழிப் புதிர்களைத் தீர்க்கச் செய்தனர். தீர்த்த புதிருக்குப் பணம் தரப்பட்டது. சாதி அறிவிக்கப்படாதபோது இரு சாராரும் ஏறத்தாழச் சமமாகவே தீர்த்தனர். பின்னர் வேறு குழுக்களில், ஒவ்வொரு சிறுவனின் பெயரும், தந்தை, பாட்டன் பெயர்களும், ஊரும், சாதியும் அனைவர் முன்னும் உரக்கப் படிக்கப்பட்டு, அவன் தலையசைத்து ஒப்புக்கொண்ட பின் புதிர் தரப்பட்டது. புதிர்கள் அவையே. ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர் தீர்த்த எண்ணிக்கை குறைந்தது. முடிவுகள் 2006இல் அமெரிக்கப் பொருளியல் ஆய்விதழில் வெளிவந்தன.